பயிற்சிக்குப் போறீங்களா? ஒரு நோட்டு எடுத்துக்கோங்க!



நம்ம பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களை 10 நாள் வெளியே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நான் போனது மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு. அங்கே மெக்கானிக் அண்ணன் எரிந்துபோன காயிலைப் பிரிக்கும்போதே எத்தனை ஸ்லாட், எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று, கனெக்‌ஷன் எப்படி என்று எழுதி வைத்துவிடுவார். பழைய கம்பியை எடைக்குப் போட்ட பிறகு எண்ண முடியுமா?

நம்ம பயிற்சி நாட்களும் அப்படித்தான். போனா வராது! அதனால் நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன்.

1. அன்றைய வேலையை அன்று இரவே எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

2. எண்ணிக்கையோடு எழுதுங்கள். "ஃபேன் வேலை பார்த்தேன்" என்றால் யாருக்கும் புரியாது. "2 சீலிங் ஃபேன். ஒன்று மெதுவாகச் சுற்றியது. 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மாற்றியதும் வேகம் வந்தது." இப்படி எழுதணும்.

3. பார்த்தது 'பா', கூட நின்று செய்தது 'கூ', தனியாகச் செய்தது 'த' என்று ஓரத்தில் குறியுங்கள். நாளாக ஆக 'த' கூடுகிறதா என்று பாருங்கள். அதுதான் நம்ம வளர்ச்சி.

4. புரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். மறுநாள் டீ நேரத்தில் கேட்டுடுங்க.

இதைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. லண்டனில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, 1812-ல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அதை பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். 1813-ல் அவரிடமே உதவியாளர் வேலை கிடைத்தது! அதே ஃபாரடேதான் 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம்ம வீட்டு சீலிங் ஃபேன் சுற்றுவது அந்தத் தத்துவத்தில்தான்.

நம்மில் பலர் பிளஸ் டூ முடித்ததும் நேராக வேலைக்குப் போகிறவர்கள். சிபாரிசுக்கு ஆள் கிடையாது. சான்றிதழில் 10 நாள் வந்தான் என்றுதான் இருக்கும். என்ன செய்தான் என்பது நோட்டில்தான் இருக்கும். "உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டால், "நிறைய தெரியும் சார்" என்று இழுக்காமல் நோட்டை எடுத்து நீட்டலாம்.

அடுத்து பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்றைக்கே ஒரு 80 பக்க நோட்டு வாங்கிடுங்க. முதல் பக்கத்தில் தேதியைப் போடுங்க!

– பிளஸ் டூ தொழிற்கல்வி மாணவன், மின்னியல் பிரிவு