படித்துறை நீர் குளிக்க ஏற்றதா?

காவிரி நீர் தெளிவாகத் தெரிவதால் மட்டும் அது குளிக்கத் தகுந்ததாகிவிடாது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள் கழிவுநீரோடு ஆற்றில் கலக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது கடினம். ஆகவே மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவை அளக்கிறார்கள். அது மிகுந்திருந்தால் நீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள்.

கிருமி நீக்கிய பாட்டிலின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மாதிரி எடுக்கப்படுகிறது. அது ஐஸ் பெட்டியில் ஆய்வகம் போகும். அங்கே ஊட்டக் கரைசல் நிறைந்த சோதனைக் குழாய்களில் ஆற்று நீரை விடுகிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாக ஒரு சின்னக் குழாய் நிற்கும். பாக்டீரியா பெருகினால் அதில் வாயுக் குமிழி தேங்கும். குமிழி கண்ட குழாய்களை எண்ணியே பாக்டீரியாவின் அளவு கணக்கிடப்படுகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில், குளிக்கும் நீரின் 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது. 2,500ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்குக் குறையக் கூடாது. குளிப்பவரின் உடல்நலத்துக்கு முதல் கணக்கே முக்கியம்.

ஒரு நாள் எடுத்த அளவு மறுநாளுக்குப் பொருந்தாது. கோடைக்குப் பின் வரும் முதல் மழை, தெருக் கழிவையும் சாக்கடைச் சேற்றையும் ஒருசேர ஆற்றில் தள்ளிவிடும். நீர்வரத்து குறைந்த மாதங்களிலோ கழிவு கரைந்து விலக வழியில்லை.

பலத்த மழைக்குப் பின் ஓரிரு நாள் ஆற்றில் இறங்க வேண்டாம். ஆறாத புண் உள்ளவர்கள் எப்போதும் தவிர்ப்பது நல்லது. முங்கும்போது குழந்தைகள் நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.