பளிச்சென்ற முகத்துக்குச் சிறுநீரகம் கொடுக்கும் விலை

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குள் முகக்களிம்பு வந்துசேரும் வழிகள் பல. பேரங்காடியில் வாங்கியது ஒன்று, தேக்கா கடையில் வாங்கியது ஒன்று, ஊருக்குப் போய்வந்த உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது ஒன்று, கைத்தொலைபேசியில் தள்ளுபடி பார்த்து ஆர்டர் செய்தது ஒன்று. குளியலறை அலமாரியில் எல்லாம் அருகருகேதான் நிற்கின்றன. ஏதாவது கோளாறு என்றால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சிங்கப்பூரில் அழகுப் பொருள் விற்கும் நிறுவனம், விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அதைப் பதிந்து தெரிவிக்க வேண்டும். 2008 முதல் இருக்கும் நடைமுறை இது. ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, களிம்பில் அசுத்தமாகக் கலந்திருக்கும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. காரீயத்துக்கு வரம்பு 20 பங்கு. ஆனால் ஒவ்வொரு டப்பாவையும் ஆணையம் முன்கூட்டியே சோதித்து அனுமதிப்பதில்லை. பொருள் கடைக்கு வந்தபின் மாதிரி எடுத்துச் சோதிப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும்தான் முறை. பெட்டியிலும் பொட்டலத்திலும் தனித்தனியாக நுழைபவை அந்தப் பார்வைக்கு எளிதில் தப்பிவிடுகின்றன.

அப்படித் தப்பியவற்றில் பாதரசம் இருந்ததாக ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மருத்துவர் சீட்டின்றித் தரக்கூடாத ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகியவையும் அகப்பட்டிருக்கின்றன. இவை பெரும்பாலும் உறையில் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அதை முடக்குகிறது, தோல் வெளுக்கிறது. வாங்கியவருக்குக் களிம்பு வேலை செய்கிறது என்ற திருப்தி. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்குகிறது. அங்கே வடிகட்டும் சவ்வு பழுதானால் புரதம் சிறுநீரோடு வெளியேறும். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில் இது கண்ணெதிரே நடந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் 22 பேரைக் கண்டார்கள். அவர்களில் 15 பேரின் திசுவில் நெல்-1 என்ற அரிய புரதக் குறி இருந்தது. விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள் எனத் தெரிந்தது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

பூசுகிறவரோடு இது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும். தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும்.

உலகம் இதை அறியாமல் இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் உருவானது. 2017-ல் சிங்கப்பூர் அதை ஏற்று உறுதிசெய்தது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் அறவே ஒழிக்க வேண்டும் என்று 2023-ல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஆனாலும் 'ஏழே நாளில் வெண்மை' என்று கூவும் களிம்புகளுக்கு இன்னும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மாநிறம் ஒரு குறை என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கும்வரை இருப்பார்கள்.

வாங்குமுன் உறையைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லையென்றால் வேண்டாம். கலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரியோ என்ற சொற்கள் பாதரசத்தின் மாற்றுப் பெயர்கள். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள்; தங்கத்தில் பாதரசம் ஒட்டினால் வெளுத்துவிடும் என்பது நம் பொற்கொல்லர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெயரில்லாத களிம்பை ஏற்கெனவே பூசிவந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்; சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். ஆணையத்துக்கும் தகவல் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணுக்கு ஊரிலிருந்து களிம்பு வரவழைக்கும் அத்தைமாரே, அடுத்த முறை நகையோ புடவையோ கொண்டுவாருங்கள். அந்தப் பெண்ணின் நிறம் இருக்கிறபடியே இருக்கட்டும்.