மலைச் சைக்கிளைச் சுமக்கும் மோட்டார் வண்டி

குன்றுகளிலும் காடுகளிலுமுள்ள ஒற்றையடிப் பாதைகளில் ஏறியிறங்குதற்கென்றே அமைக்கப்பட்ட சைக்கிளை மலைச் சைக்கிள் என்பர். தடித்த டயரும், அதிர்ச்சி தாங்கும் முன்கவையும், அகன்ற கைப்பிடியும் உடைய இது, ஊர்ச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுதற்கு அவ்வளவாக உகந்ததன்று. ஆகவே வீட்டிலிருந்து மலையடிவாரம் வரையில் அதனைக் கொண்டு செல்ல வேறொரு வண்டி வேண்டியிருக்கிறது. நாம் ஏறிச் செல்லும் வாகனத்தை ஏற்றிச் செல்ல மற்றொரு வாகனமா என்று நகைப்பாருமுளர். ஆயினும் இவ்விளையாட்டுத் தோன்றிய நாள்தொட்டே இவ்விரண்டும் இணைபிரியாது வந்திருக்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாகாணத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் கோட்டம் உளது. அங்கே பேர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அண்மையிலுள்ள ஒரு மண்பாதை, ஏறக்குறைய 2 மைல் தூரத்திற்குள் 1,300 அடி இறங்குகின்றது. 1976ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இளைஞர் சிலர் பழைய ஷ்வின் சைக்கிள்களைக் கொண்டு அப்பாதையில் முதற் பந்தயம் நடத்தினர். பின்னோக்கி மிதித்தாற் பற்றும் பிரேக்குகளே அவ்வண்டிகளில் இருந்தன. அடிவாரம் வந்து சேருமுன் அவை சூடேறி, உள்ளேயிருந்த மசகு முழுதும் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் மசகை மீண்டும் நிரப்பவேண்டும். அதனால் அப்பாதைக்கு, ‘மீண்டும் நிரப்புதல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே பெயராயிற்று. கனத்த அச்சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டு சேர்த்தவை பெரும்பாலும் பழைய பிக்கப் லாரிகளே. ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே தனிச் சட்டம் அமைத்தது 1977இல். தொழிற்சாலையில் திரளாகச் செய்யப்பெற்ற ஸ்டம்ப்ஜம்பர் என்னும் சைக்கிள் வெளிவந்தது 1981இல். சைக்கிள் இங்ஙனம் வளர்ந்து மாறியபோதிலும், அதனைச் சுமக்கும் வண்டியைப் பற்றிய வினா மட்டும் இன்றுகாறும் தீர்ந்தபாடில்லை.

மேற்படிப்பின்பொருட்டு அமெரிக்கா செல்லும் நம் மாணவருள் கொலராடோ, யூட்டா, கலிபோர்னியா முதலிய மாகாணங்களில் வசிப்போர் சிலர் இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்கியபின் அவர்கள் எதிர்ப்படும் முதல் இடர் இதுவே. புதிய பிக்கப் லாரியொன்றைத் தவணையில் வாங்கிவிடலாம் என்று தோன்றும். விற்போரும் அவ்வாறே சொல்லுவர். ஆனால் ஐந்தாறு வருஷம் மாதந்தோறும் தவணை கட்டவேண்டியவன், விடுமுறை நாளிலும் கூலிவேலைக்குப் போகவேண்டியவனாவான். சைக்கிள் சுவரிற் சாய்ந்திருக்க, லாரியே அவன்மேல் ஏறிச் சவாரி செய்யும்.

செலவைக் கணக்கிடுதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. தொழிலின்பொருட்டுச் சொந்த வண்டியை ஓட்டுவோர்க்கு அமெரிக்க வருமானவரி அலுவலகம் மைல் ஒன்றுக்கு இவ்வளவெனக் கழிவு அனுமதிக்கின்றது. 2025ஆம் வருஷத்திற்கு அது 70 சென்ட். பெட்ரோல், தேய்மானம், காப்புறுதி, பழுதுபார்த்தல் யாவும் அதனுள் அடங்கும். போகவர 200 மைல் உள்ள மலைக்கு ஒருமுறை சென்று வந்தால் 140 டாலர். வருஷத்தில் நாற்பது முறை சென்றால் 5,600 டாலர். தேய்மானம் பெரும்பகுதி கழிந்துபோன பழைய வண்டிக்கு இவ்வளவு ஆகாதென்பது உண்மையே. எனினும் வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவே பெரிது என்பது இதனால் விளங்கும். வருஷம் 10,000 மைல் ஓட்டுபவனுக்கு, காலனுக்கு 20 மைல் ஓடும் வண்டியானால் 500 காலன் வேண்டும். 33 மைல் ஓடுவதானால் 303 காலன் போதும். காலன் மூன்றரை டாலர் என வைத்துக்கொண்டால் வேறுபாடு ஏறக்குறைய 690 டாலர். இக்கணக்கைப் போட்டுப் பாராமல் வண்டி தேடப் புறப்படலாகாது.

அடுத்து அறியவேண்டியது சைக்கிளின் அளவு. முற்காலத்து மலைச் சைக்கிளின் சக்கரம் 26 அங்குலம். இக்காலத்தில் 29 அங்குலமே பெருவழக்கு. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரமும் நீண்டுவிட்டது. ஆகவே பெரிய சட்டமுள்ள சைக்கிள் ஏறத்தாழ ஆறேகால் அடி நீளமும், கைப்பிடியிடத்து 30 அங்குலத்திற்குக் குறையாத அகலமும் உடையதாகின்றது. “என் பழைய காரில் இரண்டு சைக்கிள் தாராளமாய்ப் போகும்” என்று பதினைந்து வருஷத்திற்கு முன் ஓட்டியவர் கூறுவதை அப்படியே நம்புதல் கூடாது. முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளம் ஓரடிக்கு மேல் குறைந்து, ஐந்தடியளவில் நிற்கும். இவ்வோரடியே பல வண்டிகளில் கதவு மூடுமா மூடாதா என்பதை முடிவு செய்கின்றது.

சைக்கிளை வண்டியின் உள்ளே வைக்கலாம், பின்புறம் தொங்கவிடலாம், கூரைமேல் நிறுத்தலாம், லாரியின் தொட்டியிலும் கிடத்தலாம். இவற்றுள் உள்ளே வைப்பதே ஏழைக்கு நல்லதென்பது என் கருத்து. தாங்கி வாங்கும் செலவில்லை. மழையும் புழுதியும் படா. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகாது. எல்லாவற்றினும் மேலாகக் கள்வர் கண்ணுக்கு அது தப்புகின்றது. வண்டியைக் காட்டிலும் சைக்கிள் விலையுயர்ந்ததாயிருப்பது இவ்விளையாட்டினரிடையே அரிதன்று. வழியில் உணவு விடுதியில் அரைமணி நேரம் தங்கும்போது, வெளியே தொங்கும் சைக்கிளின் பூட்டை அறுத்தெறிய ஒரு சிறு மின்சார வாள் போதும்.

உள்ளே வைத்தற்குரிய சிறு கார்களுள் ஹோண்டா பிட் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் 2007ஆம் வருஷ மாதிரி முதல் 2020 வரையில் இது விற்கப்பட்டது. பெட்ரோல் தொட்டியை முன்னாசனங்களின் கீழே அமைத்துவிட்டமையால் பின்புறத் தளம் மிகத் தாழ்ந்து, பின்னாசனத்தை மடித்தால் சமதளமாகின்றது. தனியாகச் செல்பவனுக்கு இது போதும். இருவர் சென்றால், சக்கரங்களைக் கழற்றி, இடையே பழைய கம்பளி விரித்து, ஒன்றன்மேலொன்றாகச் சைக்கிள்களைக் கிடத்தவேண்டும். அந்நிறுவனத்தாரே 2003 முதல் 2011 வரையில் வெளியிட்ட எலிமெண்ட் என்னும் வண்டி, இவ்வேலைக்கென்றே பிறந்தது போன்றது. கம்பளமில்லாத தளம், பக்கச் சுவரோடு மடித்து நிறுத்தவும் அடியோடு கழற்றவும் கூடிய பின்னாசனங்கள், உயர்ந்த கூரை ஆகியவை அதன் சிறப்புகள். சேற்றோடு உள்ளே போட்டாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் விரும்புவோர் பலராதலின், வயதுக்கேற்ப அதன் விலை இறங்கவில்லை. இன்று கிடைப்பவையெல்லாம் முதிர்ந்த வண்டிகள் என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க இளைஞர் பலர் ஏளனம் செய்வதும், ஆயினும் இவ்வேலைக்கு யாவற்றினும் பொருந்துவதுமான வண்டி மினிவேன் ஆகும். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் குடும்பஸ்தர் வண்டி என்பதே அதன்மேற் சாற்றப்படும் குற்றம். டயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி, டாட்ஜ் கிராண்ட் கேரவன் என்பன இவ்வகையிற் பெயர்பெற்றவை. கடைசி வரிசை ஆசனம் தளத்தினுள்ளே மடங்கி மறையும். நடு வரிசையைச் சியன்னாவிலும் ஒடிசியிலும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். கிராண்ட் கேரவனில் 2005 முதல் அதுவும் தளத்திற்குள் மறையுமாறு செய்தனர். 2021ஆம் வருஷ மாதிரி முதல் சியன்னாவின் நடு ஆசனங்களைக் கழற்ற இயலாதபடி அமைத்துவிட்டமையால், சைக்கிளுக்காக வாங்குவோர் அதற்கு முந்தியதையே தேடல்வேண்டும். ஆசனங்களை நீக்கியபின் நான்கடி அகலமும் எட்டடி நீளமுமுள்ள பலகை உள்ளே படுக்கும். அப்படியானால் எத்துணை இடம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வகலத்திற்கு வெட்டிய ஒரு பலகையின்மேல் கவையைப் பற்றும் பிடிகள் மூன்று நான்கைத் திருகாணியால் இறுக்கி, முன்சக்கரம் கழற்றிய சைக்கிள்களை அவற்றில் நிறுத்தினால், அவை நிமிர்ந்தபடியே அசையாது வரும். கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாதபடி, ஒன்றை முன்னோக்கியும் அடுத்ததைப் பின்னோக்கியும் வைப்பது வழக்கம். இரவில் அப்பலகையை எடுத்துவிட்டு மெத்தை விரித்தால் படுக்கையறையாகும். யூட்டாவிலுள்ள மோவாப் போன்ற ஊர்களில், சைக்கிள் பருவத்தில் விடுதி வாடகை கொடுக்க மாட்டாதவர் பலர் இவ்வாறே இரவைக் கழிக்கின்றனர்.

முன்சக்கரத்தைக் கழற்றுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இக்காலத்துப் பிரேக்குகள் எண்ணெயழுத்தத்தால் தட்டைப் பற்றுவன. சக்கரம் இல்லாதபோது யாரேனும் பிரேக்குப் பிடியை அழுத்திவிட்டால், இரு பக்கத்துப் பற்றுக்கட்டைகளும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பின்னர்த் தட்டு அவற்றினிடையே நுழையாது. ஆகையால் சக்கரத்தைக் கழற்றியவுடன் அவ்விடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டையோ, மடித்த அட்டையையோ செருகிவிடுதல் நலம். காசு செலவில்லாத இச்சிறு செயல், மலையடியில் ஒரு காலைப்பொழுது வீணாவதைத் தடுக்கும்.

இனிப் பின்புறத் தாங்கி. ஏற்கெனவே ஒரு சிறு கார் வைத்திருப்பவன் புதிதாக வண்டி தேடவேண்டுவதில்லை. அடியில் இழுவைக் குழல் ஒன்றைப் பொருத்தித் தாங்கியை அதிற் செருகிக்கொள்ளலாம். இக்குழல்கள் ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என இருவகைப்படும். சிறு கார்களுக்குப் பொருத்தும் முதல் தரத்துக் குழல், செங்குத்தாக 200 இராத்தல் வரை தாங்கும். தாங்கி 55 இராத்தல், சைக்கிள் ஒவ்வொன்றும் 32 இராத்தல் எனில், இரண்டு சைக்கிளுக்கு மொத்தம் 119 இராத்தலே, அச்சமில்லை. மின்சார மோட்டார் பொருத்திய சைக்கிளோ 50 இராத்தலுக்கு மேலும் நிறுக்கும். இரண்டையேற்றினால் 160 இராத்தலை எட்டும். பள்ளமேடான பாதையிற் குதிக்கும்போது இப்பாரம் பன்மடங்காகத் தாக்குமென்பதையும், குழலிலிருந்து எவ்வளவு தொலைவில் தொங்குகின்றதோ அவ்வளவுக்கு அதன் நெம்புவிசை மிகுமென்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பெருஞ்சாலையில் சைக்கிளொன்று கழன்று விழுந்தால், நட்டம் நம்முடையதாக மட்டும் நில்லாது; பின்வருவோன் உயிருக்கும் கேடாகும். கொக்கிகளால் கதவில் மாட்டும் வார்த் தாங்கிகள் விலையிற் குறைந்தவையே. எனினும் நெடுந்தூரத்திற்கு நான் அவற்றைப் பரிந்துரையேன். பின்னுள்ள எண்பலகையும் விளக்குகளும் மறைந்தால் பல மாகாணங்களில் தண்டமும் உண்டு.

கூரைத் தாங்கியைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. காற்றை எதிர்த்தலாற் பெட்ரோல் செலவு கூடும். கனத்த சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கவேண்டும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து தாழ்ந்த கொட்டகைக்குள் நுழைந்து, காரும் சைக்கிளும் ஒருங்கே கெட்ட கதைகள் எண்ணிறந்தன.

பிக்கப் லாரியின் பெருமை வேறு. தொட்டியின் பின்கதவின்மேல் தடித்த மெத்தையொன்றைப் போர்த்தி, முன்சக்கரம் வெளியே தொங்குமாறு ஐந்தாறு சைக்கிள்களை வரிசையாக மாட்டிவிடலாம். ஏற்ற ஒரு நிமிஷம், இறக்க ஒரு நிமிஷம். பலமுறை மேலேறிப் பலமுறை இறங்கும் கூட்டத்தார்க்கு இதற்கு ஈடில்லை. ஆனால் விலையோ உயர்வு. டயோட்டா டகோமா போன்றவை பழையனவாயினும் விலை இறங்குவதில்லை. சிறிய, மலிவான லாரிகள் அமெரிக்காவில் அருகியதற்கு ஒரு விந்தையான காரணமும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு வரி விதித்தமைக்குப் பதிலடியாக, வெளிநாட்டுச் சிறு லாரிகள் மீது நூற்றுக்கு 25 வீதம் வரியொன்றை அமெரிக்கா 1964இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கோழிச் சண்டை ஓய்ந்த பின்னும் லாரி வரி ஓயவில்லை. பிற்காலத்தில் போர்டு நிறுவனத்தார் ட்ரான்சிட் கனெக்ட் என்னும் சிறு வேனைப் பின்னாசனங்களோடு பயணிகள் வண்டியென இறக்குமதி செய்து, கரையேறியபின் ஆசனங்களைக் கழற்றிச் சரக்கு வண்டியாக்கினர். இவ்வழக்கு நெடுநாள் நடந்து, 2024இல் அவர்கள் 365 மில்லியன் டாலர் செலுத்த இசைந்ததோடு முடிந்தது. அச்சிறு வேன் சைக்கிள் ஏற்ற மிக வாய்ப்பானது; 2023க்குப் பின் அமெரிக்காவில் விற்கப்படவில்லையாதலின் பழையதே கிடைக்கும். 2021இல் அவர்கள் அறிமுகம் செய்த மாவரிக் என்னும் சிறு லாரி, தொடக்கத்தில் 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக விலை குறிக்கப்பட்டமையால் பெருவரவேற்புப் பெற்றது. பின்னர் அவ்விலை நிலைக்கவில்லை. அதன் தொட்டி நாலரை அடியே ஆதலின், சைக்கிளைப் பின்கதவின்மேல் மாட்டியே ஆகவேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இன்றியமையாததோ எனச் சிலர் வினவுவர். பெரும்பாலான பாதைகளின் தொடக்கம் வரையில் சாதாரண வண்டி போய்ச் சேரும். பனிக்காலத்திலும் நல்ல டயரே முதற்றேவை. மோவாபில் 11,000 அடி உயரத்திலிருந்து கொலராடோ ஆற்றங்கரை வரை ஏறக்குறைய 7,000 அடி இறங்கும் புகழ்பெற்ற பாதைக்கோ, சொந்த வண்டியே வேண்டாம். வாடகை வேன்கள் ஆளையும் சைக்கிளையும் மேலே கொண்டு விடுகின்றன. வருஷத்தில் ஒருமுறை நேரும் அத்தகைய பயணத்திற்காகப் பெருவண்டி வாங்குதல் வீண்.

பழைய வண்டியைத் தெரிந்தெடுக்குங்கால் முதலிற் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். பனியுருகச் சாலைகளில் உப்புத் தூவும் வடகிழக்கு மாகாணங்களில் ஓடிய வண்டியின் சட்டம், மேலே பளபளத்தாலும் கீழே துருவால் அரிக்கப்பட்டிருக்கும். பின்னர் 17 எழுத்துகளைக் கொண்ட வண்டியடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, செய்தோர் திரும்பப் பெற்றுச் சீர்செய்ய அறிவித்த குறைபாடுகள் தீர்க்கப்படாமல் உளவோ என்று அரசாங்கச் சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஏட்டில் தேடலாம், அதற்குக் கட்டணமில்லை. 2004 முதல் 2006 வரையுள்ள சியன்னாவின் இயந்திரத்தில் வால்வுகளை இயக்குவது ரப்பர்ப் பட்டை. 90,000 மைலில் அதை மாற்றவேண்டும். 2007 முதல் சங்கிலி வந்துவிட்டமையால் அச்செலவில்லை. ஒடிசியிலோ பட்டையே தொடர்ந்தது. மாற்றியதற்கு ரசீது இல்லையெனில், மாற்றவில்லையென்றே கொண்டு விலையிற் குறைத்துக் கேட்கவேண்டும்.

விற்பவன் வீட்டிற்குச் செல்லும்போது சைக்கிளையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். அளவுநாடா கூறுவதைக் கதவின் வளைவும் சக்கரக் கூடும் பொய்யாக்கிவிடும். இருக்கையைத் தாழ்த்தி, சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை உள்ளே வைத்து, பின்கதவை இழுத்து மூடிப் பார்க்கவேண்டும். பின் முன்னாசனத்திலமர்ந்து, கால் நீட்ட இடமுண்டா, பின்னோக்குக் கண்ணாடியிற் பாதை தெரிகின்றதா என்றும் பார்க்கவேண்டும். விலை பேசுவது அதன் பின்னரே.