நீச்சல் குள விபத்து: முதல் மணி நேரத்தில் கூறும் உண்மையும் பின்னர் கோரும் இழப்பீடும்

விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள் குடும்பங்களால் நிறைகின்றன. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் அதற்கு அப்பாலும் நீச்சல் குளம் இல்லாத விடுதி அரிதாகிவிட்டது. அவற்றில் நிகழும் விபத்துகளில் இரண்டு வகையினரை மருத்துவர்கள் மிகுதியாகக் காண்கிறோம். ஒரு வகையினர், ஓசையின்றி மூழ்கிய குழந்தைகள். மற்றொரு வகையினர், ஆழம் குறைந்த பகுதியில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்த இளைஞர்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சேதமடைந்தால் கைகளும் கால்களும் ஒருசேரச் செயலிழக்கக்கூடும். அதன் பின் சக்கர நாற்காலி, சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண் தடுப்பு, இயன்முறைச் சிகிச்சை, பகலும் இரவும் ஓர் உதவியாளர் என ஆயுள் முழுவதும் செலவு நீள்கிறது. ஆகவே இழப்பீடு என்பது பேராசை அன்று. பல குடும்பங்களுக்கு அது நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்துக்கு ஒப்பானது.

அவசர சிகிச்சைப் பிரிவில் கூறப்படும் முதல் வாக்கியம்

இத்தகைய நோயாளியை அழைத்து வருவோர் சில வேளைகளில், ‘குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்’ என்று கூறுகின்றனர். காவல் நிலையம், வழக்கு என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சமே காரணம். உடன் வந்த விடுதி ஊழியர் அவ்வாறு சொல்லச் சொல்வதும் உண்டு. மருத்துவர் கேட்டதை விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுகிறார். பல மாதங்கள் கழித்துக் குடும்பம் இழப்பீடு கோரும்போது, எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டும் ஆவணம் அந்தப் பதிவேடே. பின்னாளில் எத்தனை சாட்சிகள் வந்தாலும், முதல் மணி நேரத்தில் எழுதப்பட்டதன் எடை குறைவதில்லை.

எனவே எந்த இடம், எந்தக் குளம், எத்தனை மணி, எவ்வாறு நேர்ந்தது, யார் தண்ணீரிலிருந்து தூக்கினார் என்பவற்றை உள்ளது உள்ளபடி கூறுங்கள். இது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்காகப் பதிவாகிக் காவல் நிலையத்துக்குத் தகவல் செல்லும். அது உங்கள் மீதான நடவடிக்கை அன்று, உங்களுக்கான பாதுகாப்பு.

‘மது அருந்தியதை எழுத வேண்டாம்’ என்ற வேண்டுகோளும் வருவதுண்டு. அதை மருத்துவர் ஏற்க இயலாது. மயக்க மருந்து முதல் தலைக்காயத்தை மதிப்பிடுவது வரை சிகிச்சையே அந்தத் தகவலைச் சார்ந்துள்ளது. மது அருந்தியிருந்தால் உரிமை முழுவதும் அழிந்துவிடும் என்பதும் சரியன்று. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் பங்களித்திருந்தால், நீதிமன்றம் அந்தப் பங்கின் அளவுக்கு இழப்பீட்டைக் குறைப்பதே பொதுவான முறை.

விடுதியின் பொறுப்பு எப்போது எழுகிறது?

குளத்தில் விபத்து நேர்ந்தது என்பது மட்டும் போதாது. விடுதி எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்பதும், அதனால்தான் இந்தக் காயம் அல்லது மரணம் நேர்ந்தது என்பதும் காட்டப்பட வேண்டும். பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருந்தாரா, ஆழத்தின் அளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்ததா, பாயக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்ததா, மாலையில் போதிய வெளிச்சம் இருந்ததா, மீட்பு வளையமும் முதலுதவியும் அருகில் இருந்தனவா என்பவையே அங்கு எழும் வினாக்கள்.

இதற்கு 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. நம் மாவட்டத்துக் கோவளம் அன்று. கேரளத்தின் கோவளத்தில், அம்மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய விடுதியின் குளத்தில் ஒருவர் மூழ்கி இறந்தார். அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். உயிர்காப்பாளராக நியமிக்கப்பட்டவருக்கு மதுக்கூடத்தில் பரிமாறும் பணியும் தரப்பட்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அதுவே கவனக்கடமை மீறல் என்று கொண்டு, தேசிய நுகர்வோர் ஆணையம் வழங்கிய 62.50 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விடுதி நடத்துவது அரசு நிறுவனம் என்பதால் பொறுப்பு குறைந்துவிடவில்லை.

‘உங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்துங்கள்’ என்ற பலகையைக் கண்டு மனம் தளர வேண்டாம். விடுதியில் நிறுத்திய கார் திருடுபோன வழக்கொன்றில், ஊழியர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பை இத்தகைய வாசகத்தால் விடுதி தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது வாகனம் பற்றிய வழக்கே ஆயினும், பலகை ஒன்றே கடமையைத் துடைத்துவிடாது என்ற கருத்து நமக்கும் பயன்படும். அதே வேளையில், தெளிவான எச்சரிக்கையை மீறிப் பாய்ந்தவரின் கோரிக்கை வலுவிழக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எங்கு முறையிடுவது?

சாலை விபத்துகளுக்கு இருப்பது போன்ற தனித் தீர்ப்பாயம் இவற்றுக்கு இல்லை. எளிய வழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. கட்டணம் செலுத்தித் தங்கியவரும், அவருடன் சேவையைப் பெற்ற குடும்பத்தினரும் நுகர்வோரே. இன்றைய விதிகளின்படி, எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது கோரும் இழப்பீடு அன்று; சேவைக்குச் செலுத்திய தொகை. அது 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விடுதி வாடகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. வெளியூரிலிருந்து வந்து பாதிக்கப்பட்டவர்கள் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு அளிக்கலாம். காலவரம்பு 2 ஆண்டுகள்.

மரணம் நேர்ந்தால், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு. அதற்கும் வரம்பு 2 ஆண்டுகளே. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100.

காலம் தாழ்த்துவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு டெல்லி வழக்கொன்று சான்று. 1972இல் அங்குள்ள ஓபராய் விடுதியின் குளத்தில் பாய்ந்த ஜெர்மானியத் துணை விமானி ஒருவர் தலையில் அடிபட்டுச் செயலிழந்தார். வழக்கு நடக்கும்போதே, 1985இல், அவர் இறந்தார். 1997இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தார். ஆயினும் பாதிக்கப்பட்டவரின் மரணத்துடன் வழக்கும் முடிந்துபோனது என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை.

திரட்டி வைக்க வேண்டியவை

1. விபத்துப் பதிவேட்டின் நகல், காவல் நிலையப் புகாரின் ரசீது, முதல் தகவல் அறிக்கை.
2. விடுதியின் முன்பதிவும் கட்டணச் சீட்டும். நீங்கள் நுகர்வோர் என்பதற்கு இவையே சான்று.
3. குளம், ஆழக் குறியீடு, பலகைகள், விளக்குகள் ஆகியவற்றின் ஒளிப்படங்கள். உடனிருந்தோரின் பெயரும் முகவரியும்.
4. கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்குமாறு விடுதிக்குச் சேர்ப்பித்ததற்கான சான்றுடன் கூடிய விரைவு அஞ்சல். பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துவிடும் என்பதால் இதை முதல் சில நாள்களிலேயே அனுப்புங்கள்.
5. சிகிச்சை ஆவணங்கள். நீங்கள் எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவர் இவற்றைத் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி.
6. மாற்றுத்திறன் சான்றிதழ், உயிரிழப்பெனில் பிரேதப் பரிசோதனை அறிக்கை.

இவற்றுடன், நோயாளியின் நிலை ஓரளவு உறுதிப்பட்ட பின், எதிர்காலத்தில் தேவைப்படும் சிகிச்சை, கருவிகள், உதவியாளர் ஆகியவை குறித்து மருத்துவரின் எழுத்து மூலமான கருத்தைக் கேளுங்கள். இதுவரை ஆன செலவுக்கு ரசீதுகள் உண்டு. இனி ஆகப்போகும் செலவுக்கு இந்தக் கடிதமே ஆதாரம். இதைக் கேட்க மறந்து, மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் கோரும் குடும்பங்கள் பெரிதும் இழக்கின்றன.

வழக்கு முடியும் வரை காத்திராமல் பெறக்கூடியவையும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நோயாளியின் வங்கிப் புத்தகத்தில் இந்தப் பிடித்தம் உள்ளதா என்று இன்றே பாருங்கள்.

துயரத்தின் நடுவே தாள்களைச் சேகரிப்பது இரக்கமற்ற செயலாகத் தோன்றலாம். நோயாளியின் அருகில் ஒருவர் இருக்க, குடும்பத்தில் மற்றொருவர் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது நன்று. அவர் ஒரு கோப்பை வாங்கி, முதல் தாளாக விபத்துப் பதிவேட்டின் நகலை வைக்கட்டும்.