சீழ் வடியும் காதை அலட்சியம் செய்யலாமா?

"காதில் கொஞ்சம் சீழ்தானே, வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு உரிய மருந்தால் அது மாறிவிடுவதும் உண்மையே. ஆனால் சில பிள்ளைகளில் அந்தச் சீழ், காதெலும்பை அரிக்கும் ஓர் அரிய நோயின் அடையாளமாகும். அதன் பெயர் கொலெஸ்ரியற்றோமா. இது புற்றுநோயல்ல, ஆயினும் தானாக மாறுவதுமில்லை.

எலும்பு எப்படி அரிக்கப்படுகிறது?

செவிப்பறைக்கு உள்ளே சம்மட்டி, பட்டடை, ஏந்தி என்னும் மூன்று சிறிய எலும்புகள் ஒலியைக் கடத்துகின்றன. ஏந்தி ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான். ஒரு நெல்மணியில் பாதிகூட இல்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குக் காற்றுக் கொண்டுசெல்லும் குழாய் சரியாக இயங்காவிட்டால், செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டுப் பைபோலாகிறது. உதிரும் தோல் அதற்குள் சேர்ந்து பை பெருக்க, அருகிலுள்ள எலும்புகள் கரைகின்றன. கவனியாது விட்டால் கேட்கும் சக்தி குறைவதோடு, முக நரம்புக்கும் மூளைக்கும்கூட ஆபத்து நேரலாம்.

அடையாளங்கள் எவை?

துர்நாற்றத்துடன் விட்டுவிட்டு வடியும் சீழ், கேள்விக் குறைவு ஆகியவையே முக்கியமானவை. பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே ஏமாந்து போகிறோம். சீழ் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல், தலைச்சுற்று, காய்ச்சலுடன் கடும் தலையிடி, வாந்தி என்பன கண்டால் அன்றே செல்ல வேண்டும்.

சுடவைத்த எண்ணெய், உள்ளிச்சாறு, தாய்ப்பால் எதையும் காதில் விடாதீர்கள். கோழி இறகால் குடையாதீர்கள். குளிக்கும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் பாருங்கள்.

சிகிச்சை என்ன?

அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இப்பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அங்கு காதை நுணுக்குக்காட்டியால் பார்த்து, கேட்கும் திறனை அளந்து, தேவையானால் சி.ரி. ஸ்கானும் எடுப்பர். துளிமருந்து சீழைக் குறைக்கும், பையை அகற்றாது. அதற்குச் சத்திரசிகிச்சையே வழி. நோயை முற்றாக நீக்குவது அதன் முதல் நோக்கம். கேள்வியைச் சீராக்குவது அடுத்தது.

பிள்ளைகளில் இந்நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஏறக்குறைய ஒரு வருடத்தின் பின் பலருக்கு இரண்டாம் முறையும் திறந்து பார்க்க நேரும். அதன் பின்னரும் பல ஆண்டுகள் கிளினிக் செல்ல வேண்டும்.

இடம்பெயர்ந்த நாம் தவறவிடுவது இதைத்தான். 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவும் பலரின் வீட்டையும் காணியையும் கொண்டுபோயின. கிளினிக் கொப்பியும் அதோடு போயிருக்கலாம். அதற்காகத் தயங்க வேண்டாம். பிள்ளையின் பெயரையும் சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையையும் ஆண்டையும் சொல்லுங்கள். புதிய கொப்பி போடலாம். வேறிடம் போவதென்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் கடிதம் வாங்குங்கள். சீழ் நின்றுவிட்டது என்பதற்காகக் கிளினிக்கை நிறுத்தாதீர்கள். காணியை மீட்கக் காலம் எடுக்கலாம். பிள்ளையின் காதோ காத்திருக்காது.