ஏரிக்கரையும் நம் கடமையும்

'மராமத்து' என்னும் சொல் அரபு மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியே தமிழுக்கு வந்தது. செப்பனிடுதல் என்பது பொருள். ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரை உயர்த்திய வழக்கமே குடிமராமத்து. 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் இயற்றப்பட்டது. 2017இல் தமிழக அரசு அதனைத் திட்டமாகப் புதுப்பித்தது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழித்தலை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தருளினார்கள்; நீர்த்துறையில் மலம் கழித்தலைச் சாபத்திற்குரிய செயலென எச்சரித்தார்கள். அவ்வாறாயின், குர்பானிக் கழிவை ஏரியில் எறிவோர் நிலை என்ன?

பாப்பாரப்பட்டி போன்ற தருமபுரி மாவட்டத்து ஊர்களில் ஏரி வறண்டால் கிணறும் வறளும். ஆகவே, கரை காத்தலை ஃபர்ளு கிஃபாயாவாகக் கொள்வதே பொருத்தமென்பேன். சிலர் செய்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும். எவரும் செய்யாவிடில் ஊரே குற்றத்திற்குள்ளாகும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னரே ஜமாஅத்தார், ஏரிக்கு அப்பால், கழிவைப் புதைக்கக் குழி வெட்டி வைப்பார்களாக!