மண்ணீரலில் ஒரு புள்ளி!

ஏதோ வயிற்று வலி என்று டாக்டரிடம் போகிறீர்கள். ஸ்கான் எடுக்கச் சொல்கிறார். ரிப்போர்ட்டின் ஒரு மூலையில், "மண்ணீரலில் புள்ளி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான்! அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. "புற்று நோயாக இருக்குமோ?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறீர்கள்.

சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே! புள்ளி வேறு, புற்று வேறு.

மண்ணீரல், இடது விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உறுப்பு. எடை சுமார் 150 கிராம். ரத்தத்தை வடிகட்டி, வயதான சிவப்பு அணுக்களை அப்புறப்படுத்துவது அதன் வேலை. புற்று நோய் அங்கேயே பிறப்பது அபூர்வம். அங்கே காணும் புற்றுகளில் முதன்மையானது 'லிம்போமா' என்னும் நிணநீர்ப் புற்று. மார்பகம், சினைப்பை, நுரையீரல் ஆகியவற்றிலிருந்து பரவியும் வரலாம். ஆனால் வெறும் நீர்க்கட்டியும், ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்ட சாதுவான கட்டியும்கூடப் புள்ளியாகத்தான் தெரியும். காச நோயும் அப்படியே!

பின் எப்படிப் பிரித்தறிவது? அல்ட்ராசவுண்டில் சாதாரண நீர்க்கட்டி கறுப்பாக, விளிம்பு தெளிவாகத் தெரியும். அது போதாவிட்டால் சி.டி. ஸ்கான். 1971-ல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகப் படம் பிடித்த கருவி அது. அதை அமைத்த எஞ்சினீயர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரத்தக் குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை! மருந்து ஏறிய முதல் அரை நிமிஷத்தில், நல்ல மண்ணீரலே வரிக்குதிரை போல் கோடு கோடாகத் தெரியும். ஒரு நிமிஷம் தாண்டி எடுத்தால் கோடுகள் மறைந்துவிடும். உண்மையான புள்ளி மட்டும் நிற்கும்.

'பெட்' ஸ்கானில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையைச் செலுத்துவார்கள். புற்று அதை ஆவலாக விழுங்கிப் பிரகாசிக்கும். காச நோயும் அதே போல் பிரகாசிக்கும் என்பதுதான் சங்கடம்! ஆகவே சந்தேகம் தீராவிட்டால், ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு.

இவற்றையெல்லாம் விட மலிவான சாட்சி ஒன்று உங்கள் பீரோவிலேயே இருக்கலாம். அதுதான் பழைய ஸ்கான் படம்! வருஷக் கணக்கில் வளராத புள்ளியானால் பெரும்பாலும் பயமில்லை. புதிதாக முளைத்திருந்தாலோ, வளர்ந்திருந்தாலோ, ஜுரமும் உடல் இளைப்பும் சேர்ந்திருந்தாலோ, முன்பே புற்று நோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தாலோ தாமதம் கூடாது. டாக்டரிடம் எதையும் மறைக்கவும் கூடாது.

குழந்தைகளின் ஜாதகத்தைப் பத்திரப்படுத்துகிறோம் அல்லவா? அதன் பக்கத்திலேயே ஸ்கான் படங்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்!